மூன்றாம் இன்னிங்ஸில் எழுந்து போனவர்

அத்தியாயம் 11

காலை ஏழு மணிக்கு டெலிபோன் அடித்தது. ஏழு மணி டெலிபோனில் நல்ல செய்தி வந்ததாக லொரெய்ன் பெக்கின் ஐம்பத்திரண்டு வருஷ வாழ்க்கையில் சரித்திரமே இல்லை. அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

ஆர்லோ ‘ம்’ கொட்டினார். இன்னொரு ‘ம்’ கொட்டினார். “சரி வாலஸ், ஆறு மணிக்குள்ள” என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார்.

“என்னவாம் உன் முதலாளிக்கு?” என்றாள் லொரெய்ன்.

“இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஹாஸ்கெட் வீட்டுல கையெழுத்து வாங்கணுமாம். இல்லேன்னா நாளையிலேர்ந்து நான் வீட்டுல உக்காந்து உன்கூட கேரட் நறுக்கலாமாம்.”

“கேரட்டை நீ நறுக்கினா அப்புறம் நான் அதைத் தேடணும்” என்றாள் லொரெய்ன். சிரிக்க முயன்றாள், சிரிப்பு வரவில்லை.

வேறொன்றும் இல்லை. போன வாரம் நடந்த ஜூன் மாதத் தேர்வில், நாட்டின் அத்தனை பேஸ்பால் சங்கங்களும் முறை வைத்து இளைஞர்களின் பெயரைச் சொல்லி எடுத்துக்கொண்டபோது, லேக்போர்ட் சங்கம் தன் இரண்டாவது முறையில் டேல் ஹாஸ்கெட் என்ற பெயரைச் சொன்னது. அயோவாவின் சோளக்காட்டுக்கு நடுவில் கல்லூரி அணிக்குப் பந்து வீசும் இருபத்தோரு வயதுப் பிள்ளை. அவனை எடுக்கச் சொல்லி மேஜையைக் குத்தியவர் ஆர்லோ பெக். ஊர் ஊராகச் சுற்றி ஆட்டக்காரர்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற ஸ்கவுட் வேலை அவருக்கு. எடுத்தாகிவிட்டது. ஆனால் பையனின் அம்மா கதவைத் திறக்க மறுக்கிறாள். நாலு நாளில் மூன்று தடவை போனை டொக்கென்று வைத்துவிட்டாள். பையன் சட்டப்படி தானே கையெழுத்துப் போடலாம். அம்மா தலையாட்டாமல் அவன் பேனாவைத் தொட மாட்டானாம்.

லேக்போர்ட் முதலாளி வாலஸ் ப்ரைனுக்கு, ஆர்லோவை வீட்டுக்கு அனுப்ப இதுவே போதும். பந்தின் வேகத்தை அளக்கும் துப்பாக்கி மாதிரிக் கருவி ஒன்று வந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்க இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள் வரிசையில் இருக்கிறார்கள். ஐம்பத்துநாலு வயது ஆளும், அவனுடைய கண்ணும், கெட்டுப்போன இடது முழங்காலும் எதற்கு?

“அப்பா, நீங்க என்னதான் பண்ணித் தொலைச்சீங்க அந்தம்மாவை?” என்று கேட்டுக்கொண்டே மகள் கானி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஏழு மாசம். வாயும் வயிறுமாக ஒவ்வொரு படியையும் யோசித்து வைத்தாள். அவள் புருஷன் ராய் பெரிய ஏரிகளில் இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் இருக்கிறான். அதனால் பிரசவம் தாய் வீட்டில்.

“ஒண்ணுமே பண்ணல கண்ணு. நான் அந்தம்மாகிட்ட பேசினதே இல்ல.”

“அதுதான் தப்போ என்னமோ” என்றாள் கானி, அப்பாவின் தட்டிலிருந்த பன்றி இறைச்சித் துண்டை எடுத்துக் கடித்தபடி.

லொரெய்ன் கைதுடைக்கும் துணியை வீசிவிட்டுக் கார் சாவியை எடுத்தாள். “போன்ல பேசிப் பிரயோஜனமில்ல. எந்திரி. நேர்ல போவோம். உன் முழங்காலுக்கு நான் ஓட்டறேன்.”

“கதவைத் திறக்கலேன்னா?”

“பத்தொம்பது ஊர்ல வீடு மாத்தியிருக்கேன். நான் பார்க்காத கதவா?”

அது வெறும் பேச்சில்லை. ஆர்லோ பதினைந்து வருஷம் கேட்சராக ஆடினவர். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் வாங்கிக்கொள்கிற வேலை. ஒன்பது சங்கங்கள் அவரை வாங்கின, விற்றன, ஒரு தடவை இரண்டு மட்டைக்காரர்களுக்கு ஈடாக மாற்றிக்கொண்டன. பெரிய லீகில் ஆடியது மொத்தம் பதினோரு நாள். நாலு தடவை மட்டை பிடித்தார், ஒரே ஒரு தடவை பந்தில் அடி விழுந்தது. அதுவும் தரையோடு உருண்டு போன அடி. அதற்குப் பிறகு கோச் வேலை, அதற்குப் பிறகு இந்த அலைச்சல். ஒவ்வொரு மாற்றலுக்கும் லொரெய்ன் தன் பீங்கான் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி ஒரே மரப்பெட்டியில் அடுக்கினாள். பெட்டியின் பக்கவாட்டில் ஊர்ப் பெயர் எழுதுவாள், கிளம்பும்போது அடிப்பாள். பத்தொன்பதாவது பெயரை மட்டும் அடிக்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. போன மாசம்தான் சமையலறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தாள். இனி நகர மாட்டேன் என்று கானியிடம் சத்தியமே செய்து கொடுத்திருக்கிறாள்.

“அம்மா, வாலஸ் மறுபடி போன் பண்ணா நான் பாத்துக்கறேன்” என்று வாசல்வரை வந்து கத்தினாள் கானி.

“என்ன சொல்லுவே?”

“தோணறதைச் சொல்லுவேன். நான் யார் பொண்ணு!”

*

மூன்று மணிக்கு ஹாஸ்கெட் பண்ணையின் கேட்டுக்கு முன்னால் கார் நின்றது. கேட்டுக்கு உள்பக்கம் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு அம்மாள் கையில் மண்வெட்டியோடு நின்றாள். ஒல்லியான உடம்பு, தோளில் மட்டும் ஆண்பிள்ளையின் அகலம். பின்னால் பன்றிக் கொட்டகைகள். அதன் வாசலில் நெடுநெடுவென்று ஒரு இளைஞன் வாளியோடு நின்று இவர்களையே பார்த்தான்.

“ஹாஸ்கெட் அம்மா, நான் ஆர்லோ பெக்...”

“தெரியும். மூணாவது இன்னிங்ஸ் பெக்” என்றாள் வில்மா ஹாஸ்கெட்.

ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், அதாவது ஒன்பது சுற்று.

“எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். நாலு ஆட்டம் வந்தீங்க. நாலு தடவையும் மூணாவது இன்னிங்ஸ் முடிஞ்சதும் கொட்டாவி விட்டீங்க, எந்திரிச்சீங்க, போயிட்டீங்க. என் புள்ள ஒம்பது இன்னிங்ஸ் வீசறான், உங்களுக்கு மூணு பாக்கப் பொறுமையில்ல. அதுகூடப் போகட்டும்.” மண்வெட்டியைத் தரையில் ஊன்றினாள். “மே மாசம், ரெட் ஃபோர்க் ஆட்டத்தன்னிக்கு, எலுமிச்சை ஜூஸ் வரிசையில நின்னு பக்கத்து ஆள்கிட்ட என்ன சொன்னீங்க?”

ஆர்லோவின் காது நுனி சிவந்தது. லொரெய்ன் அதைக் கவனித்தாள். முப்பது வருஷத்தில் அந்தக் காது அவளிடம் பொய் சொன்னதே இல்லை.

“என்ன சொன்னே?” என்றாள் தணிந்த குரலில்.

“அது வந்து...”

“நான் சொல்றேன்” என்றாள் வில்மா. “‘அந்த ஹாஸ்கெட் பையன் பன்னிக்குத் தீனி எறியத்தான் லாயக்கு’ன்னாரு. ஜூஸ் ஊத்திக் குடுத்துக்கிட்டிருந்தது யாருன்னு நிமிர்ந்து பாக்கல. நான்தான் ஊத்தினேன். எங்க பன்னிங்களுக்குத் தீனி எறிய ஆள் வேணும் ஐயா. அவனைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. வந்த வழியே போங்க.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது நுணலின் வேலை மட்டுமல்ல, ஒரு பிள்ளையின் எதிர்காலமும்.

லொரெய்னுக்கு முதலில் கோபம் பொங்கியது. பிறகு விஷயம் புரிந்தது. புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

“இதுல சிரிக்க என்ன இருக்கு?” என்றாள் வில்மா.

“மன்னிச்சுக்குங்க. இந்த மனுஷன் யாரைப் பத்தி மட்டமாப் பேசறாரோ அவங்களைத்தான் இவருக்கு உசுரு. என் சமையலை மட்டும்தான் மனசாரத் திட்டுவாரு. ஜூஸ் வரிசையில பக்கத்துல நின்னவன் வேற சங்கத்து ஸ்கவுட். இவருக்கு ஒருத்தன்மேல கண்ணு விழுந்துட்டா அது அவனுகளுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா அவனுக முந்திக்குவானுக. அதான் கொட்டாவி. அதான் மூணாவது இன்னிங்ஸ்ல எந்திரிக்கறது.”

“எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டா எப்படிம்மா பாக்க முடியும்?”

“வீட்டுக்கா? மைதானத்துக்குப் பின்னாடி ஜல்லி ரோடு இருக்குல்ல, விதைக் கிடங்கு ஓரமா? அங்க ஒரு பச்சைக் கார் நிக்கும். அதுல நான் இருப்பேன். இவர் சுத்திக்கிட்டு வந்து ஏறிக்குவாரு. மீதி ஆறு இன்னிங்ஸும் அங்கேர்ந்துதான்.” திரும்பிக் காரைக் காட்டினாள். “இதே கார்.”

வில்மா காரைப் பார்த்தாள். நம்பவில்லை. “நல்லா ஜோடிக்கறீங்க.”

லொரெய்ன் முன் சீட்டிலிருந்து தன் பச்சை நோட்டை எடுத்தாள். நாலு ஆட்டம், ஒவ்வொரு பந்தும் பென்சிலில் குறித்திருந்தது. கேட்டின் மேலாக நீட்டினாள். வில்மா அதைத் தொடவில்லை.

“எழுதறது யார் வேணா எழுதலாம். பேப்பர்லயே எல்லாம் வருதே.”

பெரிய கஷ்டம்தான். ஆர்லோ தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார். அவர் போய்க் காரில் ஏறிவிடுவார் என்று லொரெய்னுக்குத் தோன்றியது. ஒன்பது சங்கங்கள் போகச் சொன்னபோதும் இந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் தொப்பியைக் கழற்றினவர்.

“சரி, பேப்பர்ல வராததைச் சொல்லட்டுமா?” என்றாள் லொரெய்ன். “மூணு பேஸ்லயும் எதிராளி வந்து நின்னு, அடுத்த அடியில ரன் போயிடும்கற நெலம வந்துட்டா நீங்க ஆட்டத்தைப் பாக்கறதில்ல. மடக்கு நாற்காலியிலேர்ந்து எந்திரிச்சு மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிப்பீங்க. கை ரெண்டும் கழுத்துத் துண்டைப் பிடிச்சிருக்கும். கூட்டம் கத்தற சத்தத்தை வச்சுத்தான் நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சுக்குவீங்க. ரெட் ஃபோர்க் ஆட்டத்துல ஆறாவது இன்னிங்ஸ்ல ஒரு தடவை, எட்டாவதுல ஒரு தடவை. எட்டாவதுல கூட்டம் கத்தினப்புறமும் திரும்பல. பக்கத்துல யாரோ வந்து தோளைத் தட்டினாங்க.”

வில்மாவின் கை தானாகக் கழுத்துத் துண்டுக்குப் போனது.

“நான் தூரப்பார்வைக் கண்ணாடியில உங்களையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்” என்றாள் லொரெய்ன். “இவர் மட்டை பிடிக்க வர்றப்பல்லாம் நானும் அப்படித்தான் நிப்பேன். பெரிய லீக்ல இவர் அடிச்ச ஒரே அடியை இந்த ஜென்மத்துல நான் பாக்கல. முதுகைக் காட்டி நின்னுட்டேன்.”

கொட்டகைப் பக்கம் ஒரு பன்றி உறுமியது. வில்மா ஹாஸ்கெட் மண்வெட்டியை மறு கைக்கு மாற்றினாள். பிறகு கேட்டின் கொக்கியை எடுத்தாள்.

“நீங்க உள்ள வரலாம்” என்றாள். ஆர்லோவைப் பார்த்தாள். “இவரும் வரட்டும். பூட்ஸைத் துடைச்சுட்டு.”

*

சமையலறை மேஜையில் உட்கார்ந்ததும் வில்மா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“சரி, பாத்தீங்கன்னே வச்சுக்குவோம். ஒம்பது இன்னிங்ஸ் பாத்து என்ன கண்டுபிடிச்சீங்க? இவன் நல்லா வீசறான்னு எங்க பால்காரன்கூடச் சொல்லுவான்.”

ஆர்லோ முதல் தடவையாக நிமிர்ந்தார். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் அந்த மனிதர் வேறு ஆள். கொட்டகையிலிருந்து பின்னாலேயே வந்து சுவரில் சாய்ந்து நின்ற டேலிடம் திரும்பினார். “உன் வளைபந்தை எட்டாவது இன்னிங்ஸ்ல ரெட் ஃபோர்க்காரங்க ரெண்டு பேர் காத்துக்கிட்டு நின்னு அடிச்சாங்க. ஏன்னு தெரியுமா தம்பி?”

டேல், “களைச்சுப் போயிருந்தேன் சார்” என்றான்.

“இல்ல. நீயே முன்கூட்டிச் சொல்லிட்டே. வா வெளிய.”

கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் மண் முற்றம். அங்கேதான் வில்மா தன் மகனுக்கு ஆறு வயதில் பந்து போடக் கற்றுக்கொடுத்தாளாம். டேலின் அப்பா இறந்த வருஷம் அது. ஆர்லோ காரிலிருந்து தன் பழைய கேட்சர் க்ளவுஸை எடுத்து வந்தார். தீனி வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, முழங்காலை நீட்டிக்கொண்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.

“ஹாஸ்கெட் அம்மா, மட்டை பிடிங்க.”

“மட்டை எங்க இருக்கு?” என்று கேட்டுவிட்டு வில்மா மண்வெட்டியின் காம்பைப் பிடித்து நின்றாள். நின்ற விதத்திலேயே தெரிந்தது, இது முதல் தடவை இல்லை.

“பந்தைப் பாக்காதீங்க. அவன் வலது தோளைப் பாருங்க. தோள் ஒரு துடி துடிச்சா ‘வளைவு’ன்னு சொல்லுங்க. துடிக்கலேன்னா ‘வேகம்’. தம்பி, உன் இஷ்டத்துக்கு மாத்தி மாத்திப் போடு.”

டேல் பந்தை முதுகுக்குப் பின்னால் பிடித்துக் குனிந்தான்.

“வேகம்” என்றாள் வில்மா. வேகப்பந்து க்ளவுஸில் வந்து வெடித்தது.

“வளைவு.” வளைந்து விழுந்தது.

“வளைவு. வேகம். வளைவு.” ஐந்துக்கு ஐந்து. டேல் வெளிறிப் போனான். வில்மாவின் முகத்தில் திகில்.

“முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு வளைபந்துக்குத் தையலைத் தேடறே. விரல் திரும்பறப்போ தோள் ஆடுது” என்றார் ஆர்லோ. “முன்னாடி உக்காந்திருந்த ஸ்கவுட்டுங்களுக்குத் தோள் ஆடறது தெரிஞ்சிருக்கும். ஏன் ஆடுதுன்னு தெரியாது. அது ஜல்லி ரோட்டுல பின்னாடி நின்னு பாத்தவனுக்கு மட்டும்தான் தெரியும். இனிமே பந்தை முன்னாடி, க்ளவுஸுக்குள்ளயே வை. தையலை அங்க தேடு. எவனும் பாக்க முடியாது. போடு.”

டேல் போட்டான். “வேகம்” என்றாள் வில்மா. பந்து அவள் தோளுக்கு வருவது போல் வந்து இடுப்புக்குக் கீழே மடங்கி விழுந்தது. அவள் துள்ளி விலகினாள்.

“வளைவு!” வேகப்பந்து சீறி வந்தது. ஆர்லோ உட்கார்ந்திருந்த வாளி பின்னால் நகர்ந்தது.

“வளைவு! இல்ல... வேகம்! ஐயோ, தெரியலையே!”

தெரியவில்லை! அடுத்தடுத்து ஆறு பந்து, ஒன்றுகூடத் தெரியவில்லை. லொரெய்ன் வேலிக்கம்பிமேல் ஏறி நின்று கை தட்டினாள். டேல் தொப்பியைத் தூக்கி எறிந்துவிட்டுச் சிரித்தான். ஆர்லோவின் கோணல்மாணலான விரல்கள், பதினைந்து வருஷத்தில் ஏழு தடவை ஒடிந்த விரல்கள், க்ளவுஸுக்குள் தீயாய் எரிந்திருக்கும். அந்த முகத்தில் வலி இல்லை. வாளியின்மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். லொரெய்னுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் திரும்பி நிற்கவில்லை. இந்தத் தடவை ஒரு பந்து விடாமல் பார்த்தாள்.

வில்மா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தாள். “உள்ள வாங்க. ருபார்ப் பை சுட்டு வச்சிருக்கேன்.”

மணி ஐந்தரை. தட்டில் புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட அந்த ருபார்ப் பை, பக்கத்தில் கையெழுத்துத் தாள். வில்மா எழுத்துக்கூட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்து முடித்துப் பேனாவை மகனிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“ஒரு நிபந்தனை. இவனை அனுப்பற எடத்துல முதல் கோடை பூரா இந்த மனுஷன் வாளி போட்டு உக்காந்திருக்கணும். வேற யாரோ ஒருத்தன் இல்ல. முடியுமா முடியாதா?”

ஆர்லோ டெலிபோனை நோக்கி நடந்தார். அந்தப் பக்கம் வாலஸ் ப்ரைன் எடுத்த எடுப்பில் கத்தியது சமையலறை முழுக்கக் கேட்டது.

“யோவ் பெக்! உன் பொண்ணு என்னய்யா இப்படிப் பேசுறா? அஞ்சு மணிக்குப் போன் பண்ணினேன். ‘எங்கப்பா பன்னிப் பண்ணையில அந்தப் பையனுக்கு கேட்ச் பிடிச்சுக்கிட்டிருக்காரு, தொந்தரவு பண்ணாதீங்க’ன்னு வச்சுட்டா!”

“உண்மைதான் வாலஸ்” என்றார் ஆர்லோ, கொஞ்சம் ஆச்சரியத்தோடு. நிபந்தனையைச் சொன்னார். பிறகு வாலஸின் குரல் இறங்கியது. மொன்டானாவில், பெல் ரிவர் என்ற ஊரில், புதுப் பிள்ளைகளின் அணிக்குக் கோச் இடம் காலியாகத்தான் இருக்கிறதாம். திங்கட்கிழமையே வர வேண்டுமாம். செப்டம்பர் வரை.

ஆர்லோ ஆறு வருஷமாக யூனிஃபார்ம் போடவில்லை. அவர் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தாலே தெரிந்தது, பதில் நாக்கு நுனியில் இருக்கிறது. ஆனால் சொல்லவில்லை. ரிசீவரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு திரும்பினார்.

“லொரெய்ன். நீ சொல்லு.”

பத்தொன்பது ஊர். ஒரு தடவைகூட அவளைக் கேட்டதில்லை. கேட்க நேரம் இருந்ததில்லை, தந்தி வரும், மறுநாள் ரயில். இன்று கேட்கிறார். எதிரே பேனாவைப் பிடித்துக்கொண்டு வில்மா. சுவரோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு டேல். லொரெய்ன் கண்ணுக்குள் மஞ்சள் பெயின்ட் அடித்த சமையலறையும், ஆகஸ்டில் பிறக்கப் போகிற பேரக் குழந்தையும், கானியிடம் செய்த சத்தியமும் வந்து நின்றன.

“நீ போறே” என்றாள். “அதுல சந்தேகமே இல்ல. நான் வர்றதை கானிகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.”

வில்மா பேனாவை மகன் கையில் கொடுத்தாள். மணி ஐந்து நாற்பத்தேழுக்கு டேல் ஹாஸ்கெட் கையெழுத்துப் போட்டான். அவன் அம்மா அப்போது சுவர்ப் பக்கம் திரும்பி, கழுத்துத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லொரெய்ன்தான் போய்த் தோளைத் தட்டினாள்.

*

வீட்டு வாசலில் கார் நிற்பதற்குள் கானி கதவைத் திறந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தவுடனே “ஓ!” என்று கத்தினாள். வயிறு இடிக்க அவரைக் கட்டிக்கொண்டாள்.

“நான் கேட்ச் பிடிக்கறேன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்றார் ஆர்லோ.

“தெரியாது. நீங்க பேசிக் காரியம் சாதிச்சதா சரித்திரமே இல்ல. கேட்ச்தான் பிடிச்சிருப்பீங்க.”

லொரெய்ன் கைப்பையை வைத்தாள். காரில் வரும்போதெல்லாம் பேச்சைக் கோத்து வைத்திருந்தாள். இப்போது ஒரு வார்த்தையும் நினைவில்லை. “கானி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்...”

“பெல் ரிவரா?” என்றாள் கானி.

“உனக்கு யார் சொன்னது?”

“வாலஸ் மறுபடி போன் பண்ணார். கோச்சோட சட்டை அளவு கேட்டார். வா இங்க.”

சமையலறை நடுவில் அந்த மரப்பெட்டி கிடந்தது. கானி தரைத்தளத்துக் கிடங்கிலிருந்து தானே இழுத்து வந்திருக்கிறாள். லொரெய்ன் திட்ட வாயெடுத்தாள். பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்ததும் நிறுத்தினாள். பத்தொன்பதாவது பெயர் அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே மகளின் கையெழுத்தில் ‘பெல் ரிவர்’. அதற்குப் பக்கத்தில், ‘நாலு பேர்’.

“நாலா?”

“நீ, அப்பா, நான்.” கானி வயிற்றில் கை வைத்தாள். “இது. என்னை மட்டும் எங்க பெத்தே? பன்னிரண்டாவது ஊர்ல, ஆட்டம் நடந்துக்கிட்டிருக்கறப்போ. எனக்கு என்ன குறைஞ்சு போச்சு? உன் சத்தியம் இந்த வீட்டுக்கு இல்லம்மா, எனக்குத்தான். எங்கிட்டதானே நீ இருக்கப்போறே.”

லொரெய்ன் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் அழுத்தி முத்தமிட்டாள். பிறகு அலமாரியைத் திறந்து முதல் தட்டை எடுத்தாள். ஆர்லோ செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். முப்பது வருஷத்தில் அவர் ஒரு தட்டுகூடச் சுற்றினதில்லை. இன்று சுற்றினார். மட்டமாகச் சுற்றினார், லொரெய்ன் அதை அப்படியே பெட்டிக்குள் வைத்தாள்.

மூன்றாவது தட்டில் அவள் கை நின்றது.

“கானி. ராய் சனிக்கிழமை கப்பலை விட்டு இறங்கறான். டுலூத் துறைமுகத்துல உங்களுக்குன்னு புது வீடு பாத்து வச்சிருக்கான், சாவியோட வரப்போறான். அவனுக்கு இதெல்லாம் தெரியுமா?”

கானி அப்பாவைப் பார்த்தாள். அப்பா தட்டைப் பார்த்தார்.

“ஹாஸ்கெட் அம்மாவையே வழிக்குக் கொண்டுவந்தவ நீ” என்றாள் கானி, வில்மா கொடுத்தனுப்பிய ருபார்ப் பையின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு. “ராய்கிட்ட நீயே பேசும்மா.”